என் மருந்து உனக்கும் மருந்தாகுமா?



வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நிறைவுற்றபின் பள்ளிவாசலின் முன்றிலில் நிற்கின்ற மக்களைச் சற்றே உற்று நோக்குங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைப் பகுதியில் இக்காட்சிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவந்து வந்தவர் ஒருபுறம். பகல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்நோக்குபவர் மறுபுறம். இராமநாதபுரத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வந்தவர்களோடு, வடநாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்களும் ஒரே வரிசையில் நின்று தொழுது, ஸலாம் உரைத்து, முஸாஃபஹாச் செய்து கொள்கின்றனர். அதன்பின் பேச்சு எத்திசையில் செல்கின்றது? சர்க்கரை இப்போது எவ்வளவு? பிரஷர் குறைந்ததா? நீர் எந்த மாத்திரை சாப்பிடுகின்றீர்? அதனால் குணம் தெரிகின்றதா? நாற்பதைக் கடந்தவர் இருவர் கூடினால் இவ்வினாக்கள் எழாமல் இருப்பதில்லை.

இதனை நகைப்பிற்குரியதாக எவரும் எண்ண வேண்டா. இப்பேச்சில் ஓர் அருளும் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. இரண்டையும் மார்க்கத்தின் ஒளியில் பகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயாளியின் தனிமை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. வயல்களும் ஏரிகளும் நிறைந்திருந்த பகுதி ஒரே தலைமுறைக்குள் இயந்திரங்களின் நாடாகிவிட்டது. அந்நாளில் இருபது வயது இளைஞராய் வேலையில் சேர்ந்தவர் இன்று ஐம்பதை நெருங்குகின்றார். உறங்க வேண்டிய நேரத்தில் விழித்து, விழித்திருக்க வேண்டிய நேரத்தில் உறங்கி, உண்ணும் வேளை வாரந்தோறும் மாற உழைத்த உடல் அது. ஷிப்டு மாறி மாறி உழைப்போரிடம் சர்க்கரை நோய் மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் எடுத்துக் காட்டியுள்ளன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று, 2023ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 இலட்சம் மக்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சற்று மேல் இந்நோய் உடையவர்கள். எனவே, இது எங்கோ எவருக்கோ வந்த நோயன்று. நம் ஸப்பிலேயே நமக்கு வலப்புறமும் இடப்புறமும் நிற்பவர்களின் நோயாகும்.

நாட்பட்ட நோய்க்கு ஒரு கொடிய இயல்பு உண்டு. காய்ச்சல் வந்தால் ஊரார் வந்து நலம் விசாரிக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயை வீட்டார்கூட மறந்துவிடுகின்றனர். நோயாளி மட்டும் மறக்க இயலாது. அந்நிலையில், அதே நோயைச் சுமக்கின்ற இன்னொருவர் அருகமர்ந்து, எனக்கும் அவ்வாறே இருந்தது என்று கூறும் ஒரு சொல் அவருக்கு எத்துணை ஆறுதல்! இறைநம்பிக்கையாளர்கள் ஓருடலைப் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் விழித்திருந்து காய்ச்சலில் பங்கு கொள்ளும் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இந்த உவமையின் ஆழத்தை, உடன் நோயுற்றவரைக் காட்டிலும் நன்குணர்ந்தவர் யாவர்?

நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில்தான் கண்டறியப்பட்டது. அன்று அந்நோயாளர்களை உற்றாரும் ஒதுக்கினர், ஊராரும் ஒதுக்கினர். 1990களின் பிற்பகுதியில் அவர்கள் தாமே ஒன்றுகூடிச் சங்கங்கள் அமைத்தனர். 1998இல் அந்நோயுற்ற பெண்களுக்கென்றே சென்னையில் ஓர் அமைப்புத் தோன்றிற்று. மருந்தை எவ்வாறு தவறாமல் உட்கொள்வது, பிள்ளைகளை எவ்வாறு வளர்ப்பது, அவமதிப்பை எவ்வாறு தாங்குவது என்பவற்றை ஒருவருக்கொருவர் கற்பித்தனர். நோயாளிகள் கூடிப் பேசுவதால் விளையும் நன்மைக்கு இது கண்கண்ட எடுத்துக்காட்டன்றோ?

எளியேன் செய்த பிழை

இனி, ஆபத்தைப் பற்றிக் கூற வேண்டும். அதைக் கூறுமுன் எளியேனுடைய பிழை ஒன்றை உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

எளியேனும் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடையவன். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உட்கொள்பவன். சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தின் இறுதியில், தொழிற்சாலையொன்றில் பணியாற்றும் சகோதரர் ஒருவர் என்னை அணுகினார். “ஹஜ்ரத், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இரு வேளையும் இன்சுலின் ஊசி போடுகிறேன். நோன்பு வைக்கலாமா?” என்று வினவினார். எளியேன் சிறிதும் சிந்தியாமல், “நானும் சர்க்கரைக்காரன்தான் தம்பி! இதுவரை ஒரு நோன்பையும் விட்டதில்லை. எனக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை. நிய்யத்தைச் செம்மையாக்கிக் கொள்ளுங்கள்” என்று கூறிவிட்டேன். அவர் முகம் மலர்ந்து சென்றார்.

ரமளானின் முதல் வாரத்திலேயே அவர் விழுந்தார். வழக்கமாகக் காலையில் போடும் அதே அளவு இன்சுலினை ஸஹரில் போட்டுக் கொண்டு, பகல் முழுதும் நின்று வேலை செய்து, மாலையில் கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்தபோது உடலெங்கும் வியர்த்து மயங்கிச் சாய்ந்தார். உடன் இருந்தவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர், குளுக்கோஸ் ஏற்றப்பட்டது, அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். நலம் விசாரிக்கச் சென்ற எளியேனைக் கண்டதும் அவர் குற்றம் ஏதும் கூறவில்லை. “ஹஜ்ரத், நீங்களே வைக்கும்போது எனக்கு என்ன என்று நினைத்தேன்” என்றார். அச்சொல் இன்றும் என் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்துக் கொண்டிருக்கின்றது.

நான் பொய் கூறினேனா? இல்லை. என் அனுபவத்தைத்தான் கூறினேன். ஆனால், என் உடல் வேறு, அவருடைய உடல் வேறு. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடுவது அரிது. இன்சுலினும், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் அத்தகையன அல்ல. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை சர்க்கரையைக் குறைத்துக் கொண்டே செல்லும். காலையில் போடும் இன்சுலின் கலவைகள் பலவற்றில் மெல்ல வேலை செய்யும் பகுதியொன்று உண்டு. அது நண்பகலிலும் பிற்பகலிலும் செயற்படும். நோன்பாளிக்கு அப்போது உணவேது? ஒரே நோயின் பெயரைத் தாங்கிய இருவர், மருந்தால் முற்றிலும் மாறுபட்டவர்கள் என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அறியாததைக் கேட்டறியவும் இல்லை.

கல்லடிபட்ட தோழரின் வரலாறு

அன்றிரவு எளியேன் மத்ரஸாவில் ஓதிய ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. பலமுறை பிறருக்கு ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். ஆயினும், அன்றுதான் அது என்னை நோக்கிப் பேசிற்று.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி அது. தோழர்கள் சிலர் பயணம் சென்றபோது அவர்களுள் ஒருவருடைய தலையைக் கல் தாக்கிக் காயப்படுத்திவிட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் அவர் கேட்டார். நீர் கிடைக்கும்போது உமக்குச் சலுகை இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி அண்ணலாரிடம் எட்டியபோது அவர்கள் மிகக் கடுமையாகச் சினந்தார்கள். அந்த மனிதரை அவர்களே கொன்றுவிட்டார்கள் என்று கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதன்றோ என்ற பொருள்பட உரைத்தார்கள்.

சகோதரர்களே! அத்தோழர்கள் தீய எண்ணத்தினர் அல்லர். மார்க்கப் பற்று மிக்கவர்கள். நண்பருக்கு நன்மை நாடியவர்கள். ஆயினும், அண்ணலாரின் கண்டனத்திலிருந்து அவர்களுடைய நல்லெண்ணம் அவர்களைக் காக்கவில்லை. ஒருவருடைய உடலைப் பற்றி அறியாமல் உரைத்த சொல் அவருடைய உயிரைப் போக்கிவிட்டது. இவ்வளவு தெளிவான எச்சரிக்கை நம்மிடம் இருக்க, பள்ளிவாசல் முன்றிலிலும், திருமண வீட்டிலும், கேண்டீன் மேசையிலும் நாம் எத்துணை எளிதாக மருந்து சொல்லிவிடுகின்றோம்!

இது எளியேன் ஒருவனின் அனுபவம் மட்டுமன்று. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில், சர்க்கரை நோயுடைய 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, நடுவயதில் வரும் வகையினருள் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர் ரமளானில் நோன்பு நோற்றதைக் கண்டது. அதே மாதத்தில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்ச்சிகள் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு பெருகின. அத்தகையோர் எண்ணிக்கையில் சிலரே என்பது உண்மைதான். ஆனால், அச்சிலருள் ஒருவர் நம் வீட்டின் தலைவராக இருந்தால்?

நோயாளி நோன்பை வேறு நாட்களுக்கு ஒத்திவைக்கலாம் என்ற சலுகையைத் திருமறை (2:184, 185) தெளிவாக வழங்குகின்றது. அச்சலுகை நம் ஈமானின் குறையன்று, படைத்தவனின் கருணையாகும். தேர்ந்த மருத்துவர் நோன்பு தீங்கு தரும் எனக் கூறினால் அதை ஏற்று, இயன்றபோது களாச் செய்ய வேண்டும். ஒருபோதும் இயலாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா வழங்க வேண்டும். இரத்தச் சர்க்கரையைச் சோதிக்க விரலில் ஊசி குத்துவதால் நோன்பு முறியாது. சோதனையில் 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ அறிஞர்களின் வழிகாட்டல்.

அனுபவம் வேறு, ஆய்ந்தறிவது வேறு

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பெரும் மருத்துவர் அபூபக்ர் அர்ராஸி, தம்மிடம் வந்த நோயாளிகளின் நிலையைத் தனித்தனியே குறித்து வைத்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் அவருடைய மறைவுக்குப்பின் ‘அல்ஹாவீ’ என்னும் பெருந்தொகுப்பாயின. மூளைச் சவ்வின் அழற்சிக்கு அறிகுறி தோன்றியபோது, ஒரு சாராருக்கு இரத்தம் குத்தி வாங்கி, மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டதாக அவர் எழுதியுள்ளார். ஒருவர் குணமடைந்தார் என்பதால் மருந்தே குணமாக்கியது என்று முடிவு கட்டலாகாது. அம்மருந்தின்றியே குணமடைந்திருக்கவும் கூடும் என்ற நுண்ணறிவு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவரிடம் இருந்தது. அந்தப் பாரம்பரியத்தின் வாரிசுகளாகிய நாம், யாரோ ஒருவர் ஒரு பொடியைத் தின்று சர்க்கரையை விரட்டிவிட்டாராம் என்ற சொல்லைக் கேட்டு இன்சுலினை நிறுத்துவது தகுமா?

தேனில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதைத் திருமறை (16:69) கூறுகின்றது. கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிமொழி எடுத்துரைக்கின்றது. இவற்றை நாம் ஐயமின்றி நம்புகின்றோம். ஆனால், அண்ணலார் தம் தோழர் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, வைத்தியம் அறிந்தவரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு பணித்ததும் ஹதீஸில்தான் உள்ளது. நிவாரணம் இறைவனுடையது, அதை எந்த நோயாளிக்கு, எந்த அளவில், எந்நேரத்தில் என்று அறிவது கற்றவர் கடமை. மருத்துவம் அறிந்தவரென அறியப்படாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தை நபிகளார் அறிவித்துள்ளார்கள். ஃபிக்ஹு நூல்கள் இதிலிருந்து நஷ்டஈட்டுச் சட்டத்தையே வகுத்துள்ளன. நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. சர்க்கரை நோயை முற்றிலும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் இருந்தும் அத்தகைய பொடிகள் கைக்குக் கை மாறி வருகின்றன. விற்பவனைவிட நம்மிடம் அதைச் சேர்ப்பிப்பவர் பெரும்பாலும் நம் நண்பரே என்பதுதான் வேதனை. கேட்பதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற நபிமொழியின் கருத்தை அப்போது நினைவு கூர வேண்டும்.

எதைப் பகிர்வது?

ஆகவே, வாயை மூடிக் கொள்ள வேண்டுமென்று எளியேன் கூறுகின்றேனா? அன்று, அன்றவே அன்று. மார்க்கமே நலம் நாடுதல்தான் என்று போதிக்கப்பெற்ற சமுதாயம் நாம். பகிர்வதற்கு உரியவை எத்தனையோ உள்ளன.

மருந்தை நிறுத்தியதால் பட்ட துன்பத்தைக் கூறுங்கள். காலில் ஏற்பட்ட சிறு புண்ணை அலட்சியம் செய்ததால் நேர்ந்ததைக் கூறுங்கள். இரவு ஷிப்டில் சாப்பாட்டு நேரத்தை எவ்வாறு ஒழுங்கு செய்தீர்கள், ஊசி போட வெட்கப்பட்ட மனத்தை எவ்வாறு வென்றீர்கள் என்று கூறுங்கள். நோயாளிக்குரிய உரிமைகளைக் கூறுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டுள்ள தொழிலாளிக்கு மருத்துவம் மட்டுமன்று. நிபந்தனைகளுக்குட்பட்டு, ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு நோய்க்கால உதவித்தொகையும் உண்டு. காசநோய், புற்றுநோய் முதலிய குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டாண்டு வரை நூற்றுக்கு 80 பங்கு பெற வழியுண்டு. இதனை அறியாமல் விடுப்புக்கு அஞ்சி நோயை மறைப்போர் பலர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உரிய மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டு வந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. தாய் தந்தையரை ஊரில் விட்டு வந்துள்ள மகன், அவர்கள் பெயர் அதில் பதிவாகியுள்ளதா என்று விசாரிக்கலாமன்றோ?

மருந்தைப் பற்றியே பேச நேர்ந்தால் நான்கு வரம்புகளைப் பேணுங்கள்.

ஒன்று, இது என் உடலுக்கு நேர்ந்தது என்று கூறுங்கள். உமக்கும் இவ்வாறே நேரும் என்று கூறாதீர்கள்.

இரண்டு, முழுமையாகக் கூறுங்கள். உங்களுக்குள்ள வேறு நோய்கள், உடன் உட்கொள்ளும் வேறு மருந்துகள், பயனளிக்காமற்போனவை ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுங்கள். பாதி உண்மை பல வேளைகளில் முழுப் பொய்யைவிடக் கேடானது.

மூன்று, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்துமாறோ, அளவைக் கூட்டிக் குறைக்குமாறோ எவருக்கும் கூறாதீர்கள். டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள் என்று கூறுவதே நஸீஹத் ஆகும்.

நான்கு, கேட்டதைக் காத்துக் கொள்ளுங்கள். ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உரைத்த செய்தி அமானத் ஆகும் என்பது நபிமொழியின் கருத்து. தங்கும் விடுதியின் ஓர் அறையில் ஐந்தாறு பேர் வாழும் நிலையில், ஒருவர் தம் வலிப்பு நோயையோ காசநோயையோ நம்பி உரைத்ததை மறுநாள் மேற்பார்வையாளர் அறிந்தால், ஒப்பந்தத் தொழிலாளியாகிய அவர் தம் வேலையையே இழக்க நேரலாம். ஒரு பெண்ணின் நோய் வெளியே பரவினால் அவளுடைய திருமணமே தடைப்படலாம். அமானத்தைக் கெடுத்தவன் அதற்கு அல்லாஹ்விடம் பதில் கூறியாக வேண்டும்.

பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே நோயாளிகள் தம் மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி அமைத்துக் கொள்ள வேண்டுமென்று வல்லுநர்கள் கூறுகின்றனர். ஆகவே, ரஜப் மாதத்திலேயே ஒரு நாள், மருத்துவர் ஒருவரையும் ஆலிம் ஒருவரையும் ஒருசேர அமர்த்தி, ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஐயம் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். நோன்புக் கஞ்சிக்குப் பொருள் சேர்க்கும் முன் செய்யத்தக்க நற்பணி இது.

எளியேன் தவறிழைத்த அச்சகோதரர் இன்று நலமுடன் உள்ளார். மருத்துவரின் சொற்படி ரமளானில் நோன்பை விடுத்து ஃபித்யா வழங்குகின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். அதுமுதல் நோன்பைப் பற்றி எந்த நோயாளி வினவினாலும், “டாக்டர் என்ன சொன்னார் தம்பி?” என்ற கேள்வியையே முதலில் கேட்கின்றேன். அதற்கு விடை கிடைத்த பின்னரே மார்க்கச் சட்டத்தை உரைக்கின்றேன்.

சகோதரர்களே! நோயுற்றவனுக்கு நாம் வழங்கத்தக்க தலைசிறந்த பரிசு ஒரு மருந்தின் பெயரன்று. அவனருகில் அமர்ந்து அவன் சொல்வதைப் பொறுமையோடு செவிமடுப்பதும், அறியாததை அறியேன் என்று ஒப்புக் கொள்வதும், அறிந்தவரிடம் அவனை அழைத்துச் செல்வதும், அவனுக்காகக் கையேந்துவதுமே ஆகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் நோயாளிகள் அனைவருக்கும் நிறைவான ஷிஃபாவை நல்குவானாக! நம் நாவுகளைப் பிறர் உயிருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.